பல் மருத்துவம் படித்த மகள் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள்

வணக்கம் அம்மா,

பல் மருத்துவம் முடித்த கையோடு உங்கள் மகள், "கிளினிக் வேண்டாம், வாய் நோய்களில் கிளினிக்கல் ரிசர்ச் செய்யப் போகிறேன்" என்று சொன்னதில் நீங்கள் கலங்கிப் போயிருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. "இத்தனை வருஷம் படித்துவிட்டு, நோயாளியைத் தொடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறாளா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் முழுக்க அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

கிளினிக்கல் ரிசர்ச் என்பது சிகிச்சை பலன் தருகிறதா என்று நோயாளிகளிடமே சோதித்துப் பார்க்கும் ஆய்வு. நோயாளியைத் தொடாமல் இந்த வேலை நடக்காது. ஈறு நோய்க்கான ஓர் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கருவி ஒன்று உண்டு, ப்ரோப் என்பார்கள். அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்ல இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பல்லுக்கு ஆறு இடம். ஞானப்பற்கள் நீங்கலாக 28 பற்கள் இருந்தால் 168 அளவுகள், அதுவும் ஒரே நோயாளிக்கு. சில மாதம் கழித்து அதே ஆள், அதே 168 இடங்கள். கை கொஞ்சம் அழுத்தினாலும் 4 மில்லிமீட்டர் 5 ஆகிவிடும். அதனால் ஆய்வு தொடங்கும் முன்பே ஒரே வாயை இருவர் தனித்தனியாக அளந்து, எண்கள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று சோதிப்பார்கள். ஒத்துப்போகவில்லையா, மறுபடி பயிற்சி. கிளினிக்கில் கற்ற கைப்பழக்கம் இதில் ஒரு துளியும் வீணாகாது.

அடுத்து, இந்தத் துறைக்கு என்ன தேவை இருக்கிறது என்பது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வாய் நோய் இருக்கிறது. கிட்டத்தட்டப் பாதி மனிதர்கள் கஷ்டப்படுகிறார்கள், ஆனால் அவர்களுக்குத் தினமும் நாம் சொல்லும் பல அறிவுரைகள் பழக்கத்தில் வந்தவை, யாரும் சரியாகச் சோதித்துப் பார்க்காதவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டுங்கள் என்பதும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. நோய் வரும் வாய்ப்பு குறைந்த பெரியவர்களில், 6 மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னவர்களுக்கும் 24 மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னவர்களுக்கும் நான்கு ஆண்டு முடிவில் ஈறில் ரத்தம் கசிவதில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆனால் யாருக்குப் பொருந்தும் என்று சொல்ல ஒருவர் இத்தனை வருஷம் பொறுமையாக அளந்திருக்க வேண்டும், இல்லையா?

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. திருவனந்தபுரம் வட்டாரத்தில் சுமார் 1.9 லட்சம் பேரை வைத்து நடந்த ஆய்வு, 2005இல் வெளியானது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களில், வாய்ப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல் கிடைத்த பலன் அது. வெண்படலம், ஆறாத புண், வாய் திறக்க முடியாமல் இறுகிப்போவது என்று இந்தத் துறையில் இன்னும் சரியான மருந்து கிடைக்காத நோய்கள் எத்தனையோ இருக்கின்றன.

சரி, உங்கள் மகளுக்கு இது ஒத்துவருமா? மதிப்பெண் எனக்கு முக்கியமில்லை. அவளிடம் இதைக் கேளுங்கள்: ஒரு நோயாளிக்கு மருந்து கொடுத்தாய், வலி குறைந்தது, அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். உனக்குத் திருப்தியா, அல்லது 'மருந்தால்தான் குறைந்ததா, தானாகவே குறைந்திருக்குமா' என்று உள்ளே அரிக்கிறதா? அரிக்கிறது என்றால் இந்த வேலைக்கு வேண்டிய மனம் அவளுக்கு இருக்கிறது. ஏனென்றால் இங்கே பாதி வேலை நம்மை நாமே சந்தேகப்படுவதுதான். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய்க்கொப்பளிப்பானைச் சோதிக்கும் ஆய்வில், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் திரவம் என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது. ஆனால் அந்த மருந்து சில வாரங்களில் பல்லில் பழுப்புக் கறை படிய வைக்கும். கறையைப் பார்த்ததுமே அளப்பவருக்கு ஊகம் வந்துவிடும், ஊகம் வந்தால் எண் சாயும். இதை எப்படிச் சமாளிப்பது என்று யோசிப்பதில் அவளுக்கு உற்சாகம் வருகிறதா என்று பாருங்கள்.

அறம் பற்றியும் சொல்லியாக வேண்டும், இதை லேசாக எடுத்துக்கொள்பவர்கள் இந்தத் துறைக்கு வரவே வேண்டாம் என்பது என் கருத்து. 1940களின் பிற்பகுதியில் சுவீடனில் விப்பெஹோல்ம் என்ற மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு ஒட்டும் மிட்டாயை அடிக்கடி கொடுத்துச் சொத்தை எப்படி வருகிறது என்று பார்த்தார்கள். உணவுக்கு இடையே ஒட்டும் இனிப்பு எவ்வளவு கெடுதல் என்று நமக்குத் தெரிய வந்தது அதிலிருந்துதான். ஆனால் சம்மதம் சொல்லவே முடியாதவர்களின் பற்களைக் கெடுத்து வந்த அறிவு அது. மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான அற நெறிகளாக 1964இல் வந்த ஹெல்சிங்கி பிரகடனமும், பிறகு வந்த நன்னெறி விதிமுறைகளும் இப்படி நடக்கக்கூடாது என்பதற்காகத்தான். உங்கள் மகள் ஒவ்வொரு நோயாளியிடமும் உட்கார்ந்து, அவருக்குப் புரியும் பேச்சில் விளக்கி, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்லி, அப்புறம்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

வழி என்ன என்று கேட்டிருந்தீர்கள். உடனே முனைவர் பட்டத்துக்கு ஓட வேண்டாம். முதலில் ஓராண்டாவது, ஆய்வு நடக்கும் பல் மருத்துவமனை ஒன்றில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராகவோ உதவியாளராகவோ இருக்கட்டும். நோயாளிகளைச் சேர்ப்பது, அடுத்த வருகைக்குப் போன் செய்து நினைவூட்டுவது, படிவத்தில் ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்புவது எல்லாம் அங்கேதான் பழகும். பிடித்துப் போனால் வாய் மருத்துவம், ஈறு மருத்துவம் அல்லது பொதுச் சுகாதாரத்தில் முதுகலை. கூடவே புள்ளியியல் அடிப்படை கட்டாயம். நல்ல மருத்துவர்கள்கூடப் பிற்காலத்தில் தடுமாறும் இடம் அது. மருந்து நிறுவனங்களிலும், அவற்றுக்காக ஆய்வு நடத்தும் நிறுவனங்களிலும் கண்காணிப்பு, தரவு நிர்வாகம், மருத்துவ எழுத்து என்று வேலைகள் உண்டு.

சம்பளத்தில் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆரம்பத்தில், நன்றாக ஓடும் கிளினிக்கோடு ஒப்பிட்டால் குறைவாகத்தான் இருக்கும். பல வேலைகள் ஒரு ஆய்வுத் திட்டத்தோடு கட்டப்பட்டவை, நிதி முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். அதனால் வாரத்தில் ஓரிரு மாலை கிளினிக்கில் நோயாளி பார்ப்பதை அவள் விடக்கூடாது. வருமானத்துக்கும் ஆச்சு, எந்தக் கேள்வி ஆராயத் தகுந்தது என்பதும் நோயாளியின் நாற்காலி பக்கத்தில்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. 'மூன்றே மாதத்தில் கிளினிக்கல் ரிசர்ச், வேலை நிச்சயம்' என்று பெரிய தொகை கேட்கும் படிப்புகளில் இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். முதல் வேலைக்குப் பொதுவாகக் கேட்கும் நன்னெறி விதிமுறைச் சான்றிதழை (Good Clinical Practice, சுருக்கமாக GCP என்பார்கள்) இணையத்தில் கட்டணமில்லாமலே பெறலாம். அதை அவள் இந்த மாதமே முடிக்கட்டும். முடித்ததும், படித்த கல்லூரியில் ஆய்வு நடத்தும் பேராசிரியர் ஒருவரிடம் போய், சம்பளம் பேசாமல் சில வாரம் கூட இருந்து பார்க்கலாமா என்று கேட்கட்டும். அங்கே ஒரு நோயாளிக்கு 168 அளவையும் எடுத்து எழுதி முடித்த அன்று மாலை அவளிடம் பேசிப் பாருங்கள். அதற்குப் பிறகு முதுகலையா, வேலையா என்று மூவரும் உட்கார்ந்து பேசலாம்.