செவியாவில் விழுந்துபோகும் 'ஸ்'

தம்பி, ஊரில் இருந்தபோதே மெக்சிகோ ஆசிரியரிடம் ஆன்லைனில் எட்டு மாதம் ஸ்பானிஷ் படித்தும், தென் ஸ்பெயினின் செவியாவில் கடைக்காரர் பேசுவது பிடிபடவில்லை, இனி மாட்ரிட் உச்சரிப்பை முதலிலிருந்து படிக்கவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். படித்தது எதுவும் வீணில்லை.

நான் வந்த புதிதில் திரியானா சந்தையில் நடந்தது. தக்காளியை நிறுத்துப் பையில் போட்ட அம்மா, "ஆர்கோ மா?" என்றார். ஏதோ காயின் பெயர் என்று நினைத்து, அவர் முன்னால் இருந்த கூடைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பையை உயர்த்திக் காட்டி, நிதானமாக இன்னொரு முறை சொன்ன பிறகுதான் புரிந்தது. 'அல்கோ மாஸ்', அதாவது வேறு ஏதாவது வேணுமா. இங்கே சொல்லின் கடைசி ஸ் வெறும் மூச்சாகிவிடும், இல்லாவிட்டால் விழுந்தேவிடும். மெய்யெழுத்துக்கு முன்னால் வரும் ல், ர் ஆவதும் உண்டு. நீங்கள் படித்த 'பெஸ்காதோ' மீன் இங்கே 'பெஹ்காவோ'.

மாட்ரிட்டில் காசா என்றால் வீடா, வேட்டையா என்று காதிலேயே தெரியும். வேட்டைக்கு நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை விடுவார்கள். செவியாவில் இரண்டும் ஒரே காசாதான். எங்கள் மதுரைப் பக்கம் பழம் 'பளம்' ஆவது மாதிரி. அதனால் யாரும் குழம்புவதில்லை. (காதிஸ் பக்கம் சில ஊர்களில் நேர்மாறு, எல்லா ஸ-வும் பல்லிடுக்கு ஒலியாகிவிடும்.)

உங்கள் ஆசிரியரின் ஸ-வும் இந்தப் பக்கத்து ஸ-தான். அமெரிக்கக் கண்டத்தோடு நடந்த ஸ்பெயினின் வணிகத்தைக் கவனிக்க 1503-இல் அரசு அலுவலகம் அமைந்தது செவியாவில். கப்பல்கள் இந்த ஊர் வழியாகவே போயின. அங்கே முதலில் குடியேறியவர்களில் ஆந்தலுசியக்காரர்கள், அதாவது செவியா இருக்கும் இந்த மாநிலத்தவர்கள், ஏராளம். ஆகவே நன்றி சொல்லக் கூச்சப்படாமல் 'கிராசியாஸ்' என்றே சொல்லுங்கள், ஒருவரும் திருத்த மாட்டார்கள்.

இன்னொன்று, நமக்கு வாயில் ஏற்கெனவே இருக்கும் வசதி. 'அது' என்பதில் த எவ்வளவு மென்மையாக வருகிறதோ, 'நாதா'வில் (ஒன்றுமில்லை) அதே ஒலிதான்.

வாய்க்கு அல்ல, காதுக்குத்தான் பயிற்சி வேண்டும். இந்த மாநிலத்து வானொலியான கானால் சுர் ரேடியோவைத் தினமும் அரை மணி நேரம் போட்டுவிட்டுச் சமையுங்கள். அப்புறம் ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். எனக்கு நாலு மாதம் ஆனது.