குடும்பக் கம்பெனி என்றால் தயங்க வேண்டுமா?

ஐயா, வணக்கம். பி.பார்ம் முடிக்கப்போகும் உங்கள் மகளுக்கு ஐதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. "முதலாளி குடும்பமே நடத்துகிற கம்பெனி. மகனும் மருமகனும்தானே மேலே வருவார்கள், என் பெண் கடைசிவரை கீழேயே இருக்க வேண்டியதுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நியாயமான கவலைதான். ஆனால் இந்தியாவின் பெரிய மருந்துக் கம்பெனிகள் பலவும் குடும்பத் தொழிலாக வளர்ந்தவையே. அதே ஊரின் டாக்டர் ரெட்டீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடங்கிய அஞ்சி ரெட்டி, குண்டூர்ப் பக்கத்து மஞ்சள் விவசாயியின் மகன். ஐடிபிஎல் என்ற அரசு மருந்து ஆலையில் வேலை பார்த்தவர், 1984-இல் இந்தக் கம்பெனியைத் தொடங்கினார். அப்போது இந்தியச் சட்டத்தில் மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைத் தயாரிக்கும் முறைக்குத்தான் உண்டு. அதே மருந்தை வேறு வழியில் செய்தால் யாரும் தடுக்க முடியாது. கெட்டிக்கார வேதியியல்காரர்களுக்கு அது நல்ல காலம். 2005-இல் சட்டம் மாறியது. அதற்குள் இவர்களுடைய ஒமெஸ் என்ற வயிற்று அமிலத்துக்கான மருந்து ரஷ்யா வரை போய்விட்டது, கம்பெனியும் 2001-இல் நியூயார்க் பங்குச்சந்தையில் ஏறிவிட்டது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2013-இல் அஞ்சி ரெட்டி மறைந்த பிறகு மகன் சதீஷ் ரெட்டி தலைவரானார், மருமகன் ஜி.வி. பிரசாத் இணைத் தலைவர். நீங்கள் பயந்த அதே கதை! ஆனால் 2019-இல் தலைமைச் செயல் அதிகாரியாக வந்த எரெஸ் இஸ்ரேலி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல. தவிர, இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு முதல் பத்து வருடம் முதலாளி யார் என்பது பெரிய விஷயமே இல்லை. எந்த ஆலை, எந்தப் பிரிவு என்பதுதான் விஷயம்.

எந்த நாட்டு ஆய்வாளர்கள் அந்த ஆலைக்கு வருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். 2015 நவம்பரில் டாக்டர் ரெட்டீஸின் மூன்று ஆலைகளுக்கே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவ்வளவு கறாரான ஆய்வு. அப்படிப்பட்ட ஆலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில், எச்பிஎல்சி என்ற, மருந்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவியில் எடுத்த அளவை அந்த நிமிடமே நேரம் போட்டுக் கையெழுத்திட்டுப் பதிகிற பழக்கம் வந்துவிட்டால், அவளை எந்தக் கம்பெனியும் கூப்பிடும். அப்புறம் தர உறுதி, வெளிநாட்டு அனுமதிக்கு விண்ணப்பம் தயாரிக்கும் பிரிவு என்று மாறலாம். எம்.பார்ம் ஆசை இருந்தால் ஜிபேட் தேர்வை இப்போதே எழுதி வைக்கட்டும்.

உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் தயாரிக்கிற ஆலை என்றால், சம்பளம் ஆயிரம் இரண்டாயிரம் கூட இருந்தாலும் நான் யோசிப்பேன். எஃப்டிஏயின் எச்சரிக்கைக் கடிதங்கள் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கின்றன. கம்பெனி பெயரைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள்.

இரவு ஷிப்டு உண்டா, உண்டென்றால் கம்பெனி வண்டி விடுதி வாசல் வரை வருமா என்பதை எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாண்டு கேட்டால் எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டலாம், அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டாம்.