கேளுங்கள்... சொல்கிறேன்!

கே: டிஜிட்டல் கலை, டிஜிட்டல் போராட்டம் என்கிறார்களே... எல்லை தாண்டி ஓடிவருகிறவருக்கு அதனால் ஒரு வாய்த் தண்ணீராவது கிடைக்குமா?
– ஒரு வாசகி, வளசரவாக்கம்

ப: கச்சிதமாகத் தண்ணீரைக் கேட்டீர்கள், அம்மா! கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் கலைஞர் ரிக்கார்டோ டொமிங்கெஸ் குழுவினர் 2007-ல் அதற்குத்தான் முனைந்தார்கள். மெக்சிகோவிலிருந்து பாலைவனம் வழியே வருகிறவர்கள் வழி தவறி, நாக்கு வறண்டு சாகிறார்கள். ஒரு மலிவு மோட்டோரோலா செல்போன் (இன்று பர்மா பஜாரில் காட்டினால் சிரிப்பார்கள்), அதில் ஜிபிஎஸ். தொண்டர்கள் தண்ணீர் வைத்திருக்கும் திசையை அது காட்டும். கூடவே கவிதையும் சொல்லும். கவிதை எதற்கு என்று முகம் சுளிக்காதீர்கள். பாலைவனத்தில் பிழைக்கும் குறிப்புகள் அதற்குள்ளேயே இருந்தன. 2010-ல் பல்கலைக்கழகமே விசாரணை வைத்தது, எஃப்.பி.ஐ.யும் வந்து குடைந்தது. போன் என்னவோ பரவலாக யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. ஆனால் தாகத்தில் சாகிறவர்களைப் பற்றி நாடே பேச வேண்டியதாயிற்று. எனக்கு அது பெரிய விஷயம்.

கே: நம் பாக் நீரிணைக்கு அப்படி ஒன்று செய்யலாமா?
– ஓவிய மாணவர், எழும்பூர்

ப: 1974, 1976-ல் இந்தியா–இலங்கை ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக் கோடு கடலில் தெரியாது, தம்பி, படகிலுள்ள ஜிபிஎஸ் திரையில்தான் தெரியும். முதலில் ராமேஸ்வரத்துக்கு ரயில் ஏறுங்கள். மீனவரிடம் பேசாமல் மவுஸைத் தொடாதீர்கள்.