இரண்டு விடையும் சரிபோலத் தெரிகிறதே, ரீச்சர்?

கேள்வி: வணக்கம் ரீச்சர். நான் திருகோணமலை உப்புவெளியைச் சேர்ந்தவள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு, தமிழ் மூலம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பதற்காக எஸ்.ஏ.ரி. பரீட்சைக்குப் படிக்கிறேன். பயிற்சிப் பரீட்சைகளில் கணிதத்துக்கு 700க்கு மேல் வருகிறது. வாசிப்பும் எழுத்தும் என்ற பகுதியில் 480ஐத் தாண்ட முடியவில்லை. பந்தி விளங்குகிறது. ஆனால் நான்கு விடைகளில் இரண்டு சரிபோலவே தெரிகின்றன. நான் எடுப்பது பிழைத்துப் போகிறது. நேரமும் போதவில்லை. ஆயிரம் சொற்கள் பாடமாக்கிவிட்டேன். எங்கெங்கோ தேடி எடுத்து, கிழமைக்கு மூன்று முழுப் பரீட்சை செய்கிறேன். அப்பா கடற்றொழில் செய்பவர். செலவை நினைத்தால் பயமாக இருக்கிறது. விட்டுவிடட்டுமா?
- வாசகி, உப்புவெளி

பதில்:

அன்பு மகளுக்கு,

விட வேண்டாம். கணிதத்தில் 700 எடுக்கிற பிள்ளைக்கு வாசிப்பில் 480 வருகிறதென்றால், வாசிக்கும் முறையை யாரும் பக்கத்தில் இருந்து காட்டித் தரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஆனால் ஒன்றை இன்றோடு நிறுத்துங்கள்: அந்தக் கிழமைக்கு மூன்று முழுப் பரீட்சை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கிரகித்தல் உங்களுக்குப் புதிதில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் காலத்திலிருந்தே செய்து வருகிறீர்கள். அங்கே பந்தியை வாசித்து விடையை நீங்களே எழுதினீர்கள். இங்கே விடைகளை வினாத்தாள் தயாரித்தவர் எழுதி வைத்திருக்கிறார். பந்தியை முக்கால்வாசி விளங்கிக்கொண்ட பிள்ளை அடுத்ததாக என்ன நினைப்பாள் என்று யோசித்துத்தான் பிழையான மூன்றையும் எழுதுகிறார். ஆகவே இரண்டு விடைகள் சரிபோலத் தெரிவதை உங்கள் குறை என்று நினைக்க வேண்டாம்.

ஒரு சின்னப் பந்தி தருகிறேன். பயிற்சிக்காக நானே கற்பனையாக எழுதியது. பரீட்சையில் இது ஆங்கிலத்தில் வரும், ஆனால் வேலை ஒன்றுதான்.

"நிலா வெளிச்சமுள்ள இரவுகளில் வலையில் மீன் குறையும் என்று ஒரு கரையோரக் கிராமத்து மீனவர்கள் சொல்வார்கள். ஆய்வாளர் ஒருவர் அந்தக் கிராமத்தின் இரண்டு மாதப் பதிவுகளைப் பார்த்தார். கடலின் மேல்மட்டத்தில் திரியும் சூடை, நிலவு இரவுகளில் குறைவாகவே பிடிபட்டிருந்தது. அடியில் வாழும் விளைமீனில் அப்படியான வேறுபாடு எதுவும் தெரியவில்லை."

ஆய்வாளர் கண்டது என்ன?

(1) நிலா வெளிச்சம் மீன் பிடிபடுவதைக் குறைக்கிறது.
(2) மீனவர்களின் நம்பிக்கை பிழையானது.
(3) நிலவு இரவுகளில் சூடை குறைவாகப் பிடிபட்டது. விளைமீனில் வேறுபாடு காணப்படவில்லை.
(4) மேல்மட்டத்து மீன்கள் நிலா வெளிச்சத்தில் வலையைக் கண்டு விலகிப் போகின்றன.

(2)ஐ நீங்கள் எடுக்க மாட்டீர்கள். சூடையைப் பொறுத்தவரை மீனவர்கள் சொன்னது பொருந்துகிறதே. (1) கொஞ்சம் இழுக்கும். பந்தி சூடை ஒன்றைப் பற்றிச் சொல்ல, இந்த விடை எல்லா மீனுக்கும் சேர்த்துப் பேசிவிட்டது. உண்மையில் உங்களை விழுத்தப்போவது (4). கடற்றொழில் செய்கிற வீட்டில் வளர்ந்த பிள்ளை நீங்கள். நிலவு காலத்தில் மீன் வலையைக் காணும் என்ற பேச்சு உங்கள் வீட்டு முற்றத்திலேயே நடந்திருக்கலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பந்தியைத் திரும்பப் பாருங்கள்: ஏன் குறைந்தது என்று ஒரு சொல்கூட இல்லை. காரணத்தை நீங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து சேர்த்தீர்கள்.

மகள், உங்கள் 480க்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது, ஏனென்றால் அவர்களிடம் சேர்ப்பதற்கு நிறைய இருக்கிறது. விடையைப் பார்த்ததும் "இது உண்மையா?" என்று மனம் கேட்கும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: "இதைப் பந்தியின் எந்த வரி சொல்கிறது?" வரியில் விரல் வைக்க முடியாவிட்டால், எவ்வளவு அழகான விடையாக இருந்தாலும் விடுங்கள். ஒரு விடையில் பத்துச் சொற்கள் சரியாக இருந்து ஒரு சொல்லுக்குப் பந்தியில் ஆதாரம் இல்லையென்றால் முழு விடையும் பிழைதான். (3) போன்ற விடைகள் புதிதாக எதுவும் சொல்லாததால் மிகச் சாதாரணமாகத் தெரியும். அதற்காக அவற்றைத் தள்ளிவிடாதீர்கள்.

சரி, எப்படிப் பழகுவது? பயிற்சியின்போது நான்கு விடைகளையும் ஒரு தாளால் மறைத்துக்கொள்ளுங்கள். பந்தியையும் கேள்வியையும் மட்டும் வாசியுங்கள். விடையை உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு வரியில் சொல்லுங்கள். தமிழில் சொன்னாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு தாளை எடுங்கள். நீங்கள் சொன்னதற்கு ஆகக் கிட்ட இருப்பது எது என்று மட்டும் பாருங்கள். முதல் கிழமை மிக மெதுவாக இருக்கும். அந்த ஒரு வரி வரவேயில்லையென்றால், "பந்தி விளங்குகிறது" என்று கடிதத்தில் எழுதியது அந்தப் பந்திக்குப் பொருந்தாது. எங்கே விளங்காமல் போகிறது என்பதும் அப்போதுதான் உங்களுக்கே தெரியவரும்.

தமிழ் மூலம் படித்த பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான் நடக்கிறது. தமிழ் வசனத்தில் வினை கடைசியில் வரும். "இளம் எலிகளில், அதுவும் முதல் கிழமையில் மட்டுமே, அந்த மருந்து பலன் தந்தது" என்று எழுதுவோம். நிபந்தனைகளையெல்லாம் கடந்து வந்த பிறகுதான் "பலன் தந்தது" கிடைக்கும். ஆங்கிலம் "மருந்து பலன் தந்தது" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, எலியையும் கிழமையையும் பின்னால் கட்டித் தொங்கவிடும். வினை கிடைத்ததும் வசனம் முடிந்துவிட்டது என்று நம் மனம் ஓய்ந்துபோகிறது. ஆனால் கேள்வி அந்த வாலில்தான் இருக்கும். ஒன்லி, அன்லெஸ், ஓல்தோ, மே, சம் போன்ற சின்னச் சொற்களைக் கண்டால் நின்று வாசியுங்கள். நான் சின்ன வகுப்புகளில் இந்தச் சொற்களுக்குப் பென்சிலால் வட்டம் போடச் சொல்வேன். பரீட்சை நடக்கும் புளூபுக் செயலியிலும் எழுத்தை நிறம் தீட்டிக் குறிக்கும் வசதி இருக்கிறது.

பழைய ஆங்கிலக் கவிதை, பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் பகுதிகளும் வரும். அவற்றுக்குப் பயப்பட வேண்டாம், ஏனென்றால் அதற்கான கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது. தமிழ்ப் பாடத்தில் செய்யுளைக் கொண்டுகூட்டிப் பொருள் எடுத்தீர்களே, அதையே இங்கும் செய்யுங்கள். எழுவாய் எது, பயனிலை எது என்று முதலில் பிடியுங்கள், சிதறிக் கிடக்கும் சொற்களை அவற்றின் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். நம் செய்யுளில் ஐந்து வரி தள்ளி நிற்கும் வினையைத் தேடிப் பழகிய கண்ணுக்கு ஆங்கிலக் கவிதை பெரிய மலையாக இருக்காது.

இப்போது அந்த மூன்று பரீட்சை விடயம். நான் படிப்பிக்கத் தொடங்கிய முதல் சில வருடங்களில் கிரகித்தல் பாடத்தில் ஒரு பிழை செய்தேன். சரியான விடைகளை வாசித்துக் காட்டிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவேன். பிள்ளைகள் சரி, பிழை போட்டுக்கொண்டு கொப்பியை மூடுவார்கள். வருட முடிவில் பார்த்தால், முதல் மாதம் விட்ட அதே பிழையையே விட்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்து இன்றைக்கும் வருந்துகிறேன். நீங்கள் தனியே இருந்து செய்வதும் அதுதான். கிழமைக்கு மூன்று பரீட்சை செய்து புள்ளியைப் பார்த்துக் கவலைப்படத்தான் நேரம் இருக்கிறது, பிழையைப் பார்க்க நேரம் இல்லை.

அதனால் ஒரு பிழைக் கொப்பி தொடங்குங்கள். நாளுக்குப் பத்துக் கேள்வி போதும். பிழைத்த ஒவ்வொன்றுக்கும், நான் எடுத்ததை ஏன் எடுத்தேன், அந்த விடையின் எந்தச் சொல்லுக்குப் பந்தியில் ஆதாரம் இல்லை, சரியான விடைக்கு ஆதாரம் எந்த வரி என்று எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். சரியாக வந்தும் மனம் தடுமாறிய கேள்விகளையும் எழுதுங்கள். அவை அதிர்ஷ்டத்தில் வந்தவை. நாற்பது, ஐம்பது பிழை சேர்ந்ததும் முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள். ஒரே மாதிரிப் பிழை திரும்பத் திரும்ப நிற்கும். சிலருக்கு அது பெரிதாக்கிச் சொல்லும் விடை, சிலருக்கு இல்லாத காரணம், சிலருக்குப் பந்தியில் இருக்கும் ஆனால் கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை. கடைசியாகச் சொன்னது வரைபு, அட்டவணைக் கேள்விகளில் அதிகம். கணிதக்காரியான நீங்கள் எண்களைச் சரியாக வாசித்து, எண் சரி என்பதற்காகவே விடையை எடுத்துவிடுவீர்கள். எண் சரியாக இருந்தால் போதாது, பந்தி சொல்லும் கருத்தை அந்த எண் தாங்க வேண்டும்.

எங்கெங்கோ தேடி எடுத்த வினாத்தாள்களை விட்டுவிடுங்கள். பல இடங்களில் இன்னும் பழைய முறைத் தாள்கள்தான் கிடக்கின்றன. அவற்றில் நீண்ட கட்டுரை ஒன்றின் கீழ் பத்துப் பதினொரு கேள்விகள் இருக்கும். வெளிநாடுகளில் 2023 மார்ச்சில் கணினிப் பரீட்சை வந்ததிலிருந்து பந்தி 25 முதல் 150 சொற்கள் வரைதான், ஒரு பந்திக்கு ஒரு கேள்வி. பரீட்சையை நடத்தும் கொலிஜ் போர்டின் வினா வங்கியில் இலவசமாகக் கேள்விகளை வகை வகையாகப் பிரித்து எடுக்கலாம். கான் அக்கடமியின் பயிற்சியும் இலவசம். புளூபுக்கில் உள்ள முழுப் பயிற்சிப் பரீட்சைகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றை இரண்டு, மூன்று கிழமைக்கு ஒன்றாக, உண்மையான பரீட்சைபோல நேரம் வைத்துச் செய்யுங்கள்.

நேரத்தைப் பற்றி: வாசிப்பும் எழுத்தும் பகுதி இரண்டு கூறாக வரும். ஒவ்வொன்றும் 32 நிமிடம், 27 கேள்வி. ஒரு கேள்விக்கு 71 செக்கன் அளவு. பயப்பட வேண்டாம், பின்பாதியில் வரும் இலக்கணக் கேள்விகளை அரை நிமிடத்தில் முடிக்கப் பழகலாம். அங்கே மிச்சம் பிடிக்கும் நேரம் வாசிப்புக் கேள்விக்குக் கிடைக்கும். ஒரு கேள்வியில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். ஏதாவது ஒன்றைத் தெரிவுசெய்து, குறிவைத்து, கடந்து போங்கள். அந்தக் கூறு முடியுமுன் திரும்பி வரலாம், முடிந்த பிறகு முடியாது. பிழைக்குப் புள்ளி கழிக்க மாட்டார்கள், ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது. முதல் கூறை நீங்கள் செய்யும் விதத்தைப் பொறுத்து இரண்டாம் கூறு கடினமாகவோ இலகுவாகவோ வரும். அதனால் முதல் கூறில் அவசரப்படாதீர்கள்.

சொற்பட்டியல் ஆயிரம் போதும், இனிச் சேர்க்க வேண்டாம். இந்தப் பரீட்சை தெரிந்த சொல்லைத் தெரியாத பொருளில் கேட்கும். அட்ரஸ் என்றால் முகவரி என்று நமக்குத் தெரியும், பந்தியில் அது ஒரு பிரச்சினையைக் கையாள்வதாக இருக்கும். கன்விக்ஷன் குற்றத் தீர்ப்பாகவும் வரும், உறுதியான நம்பிக்கையாகவும் வரும். இதைப் பட்டியலில் படிக்க முடியாது, வாசித்துத்தான் பழக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகையின் கருத்துப் பக்கத்தில் ஒரு கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு பந்திக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். பழைய நாவல்கள் புரொஜெக்ட் குட்டன்பேர்க் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும்.

அப்புறம் செலவு. கட்டணச் சலுகை அமெரிக்க மாணவர்களுக்கே என்பதால் நம் பிள்ளைகள் முழுவதும் கட்ட வேண்டியிருக்கிறது. கொழும்புக்குப் போய் எழுதும்படி வந்தால் பயணமும் தங்குவதும் சேரும். அதனால் 480 வரும் நிலையில் திகதி எடுக்க வேண்டாம். பிழைக் கொப்பியோடு இரண்டு மூன்று மாதம் இருந்து, புளூபுக் பயிற்சியில் புள்ளி ஏறி நிலைத்த பிறகு பதியுங்கள். அதற்கு முன்பே, விண்ணப்பிக்க நினைக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இந்தப் புள்ளியைக் கட்டாயமாகக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காத இடங்கள் பல உண்டு. எம்.ஐ.ரி. போன்ற சில இடங்கள் இடையில் விட்டுவிட்டு மறுபடி கட்டாயமாக்கியிருக்கின்றன. கொழும்பில் உள்ள அமெரிக்க-இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் மாணவர் ஆலோசனை நிலையம் இருக்கிறது. நிதியுதவி பற்றியும் அங்கே கேளுங்கள்.

இன்றைக்கு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். அப்பா கரைக்கு வந்து ஆறுதலாக இருக்கும் நேரத்தில் அந்த நிலவுப் பந்தியை வாசித்துக் காட்டி, எது விடை என்று கேளுங்கள். அவர் நான்காவதைச் சொன்னால், கடலைப் பற்றி அவர் சொல்வது சரியாகவே இருந்தாலும் இந்தப் பந்திக்கு மூன்றாவதுதான் விடை என்று அவருக்கு விளங்கும்வரை சொல்லிக்கொடுங்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள், அவர் என்ன கேட்டார் என்பதை எழுதிக்கொண்டு பிழைக் கொப்பியின் முதல் பக்கத்தைத் தொடங்குங்கள்.

அன்புடன்,
ரீச்சர்