பந்தயச் சீட்டும் வாக்குச் சீட்டும்

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகலாமா என்று 2016-ல் பிரிட்டன் வாக்கெடுப்பு நடத்தியபோது கருத்துக்கணிப்பு, பங்குச்சந்தை, சூதாட்டக்காரர்கள் எல்லாருமே 'விலகாது' என்றார்கள். அத்தனையும் பொய்த்தது. கேட்டவர்களிடம் மக்கள் பொய் சொல்லிவிட்டார்களா?
- வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: கருத்துக்கணிப்பை அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள், பாவம். அந்த ஜூன் மாதத்தில் இணையவழியே எடுத்த கணிப்புகளில் பல, இரு தரப்பும் சமம் என்றோ 'விலகுவோம்' முந்துகிறது என்றோதான் காட்டின. தொலைபேசியில் கேட்டவர்களுக்குத்தான் 'இருப்போம்' பெரும்பாலும் முன்னால் தெரிந்தது. இரண்டுமே எல்லார் மேஜையிலும் கிடந்தன. லண்டன்காரர்கள் தங்களுக்குப் பிடித்ததை எடுத்து வைத்துக்கொண்டார்கள். பத்திரிகையாளரும் பங்குத் தரகரும் நிறைந்த அந்த நகரம் 60 சதவீதம் 'இருப்போம்' என்று வாக்களித்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் வேறென்ன பதில் வரும்?

பந்தயப் பணம் வாங்கும் சூதாட்டக் கடைக்காரர்களான புக்கிகள் கதை இன்னும் சுவாரசியம். வாக்கெடுப்பு நாளன்று அவர்கள் கணக்குப்படி 'இருப்போம்' ஜெயிக்க 80 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. ஆனால் கட்டிய பணத்தில் பெரும்பகுதிதான் அந்தப் பக்கம். பந்தயச் சீட்டுகளை எண்ணினால் 'விலகுவோம்' பக்கமே அதிகம். அதாவது வசதியுள்ள சிலர் ஆயிரக்கணக்கில் ஒரு பக்கம் கட்ட, சாதாரண ஆட்கள் பத்தும் இருபதுமாக மறுபக்கம் கட்டினார்கள். புக்கி பணத்தைப் பார்த்து விகிதம் போடுகிறவர். வாக்குச்சாவடியில் தலைக்கு ஒரு சீட்டுதான். சூதாட்டக் கடையின் கணக்கை ஜனங்களின் மனசு என்று படித்தது யார் தப்பு?

ஜூன் 23, வியாழன் இரவு பத்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தபோது, விலகச் சொல்லித் தொண்டை வறண்ட நைஜல் ஃபராஜே 'இருப்போம்' ஜெயித்துவிடும் போலிருக்கிறது என்றார். பவுண்ட் 1.50 டாலரைத் தொட்டது. நள்ளிரவு தாண்டி சண்டர்லாந்து முடிவு வந்தது: விலக 61 சதவீதம். ஐரோப்பாவுக்குக் கார் ஏற்றுமதி செய்யும் நிசான் தொழிற்சாலை இருக்கிற ஊர் அது! விடிவதற்குள் பவுண்ட் 1985-க்குப் பிறகு காணாத பள்ளத்தில் கிடந்தது. கடைசிக் கணக்கு 51.9-க்கு 48.1. முந்தைய ஆண்டு பொதுத்தேர்தலில் 66 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். இதற்கு வந்தவர்கள் 72 சதவீதம். வழக்கமாக வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் எத்தனை பேர் கிளம்பி வருவார்கள் என்பது கணிப்பாளர்களுக்குப் பிடிபடவில்லை.

அப்புறம், கருத்து வேறு, வாக்கு வேறு. காமன்வெல்த் நாட்டவர் என்பதால், லண்டனின் ஈஸ்ட்ஹாமில் குடியிருந்த இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் இந்த வாக்கெடுப்பில் வாக்களிக்கலாம். இருபது வருஷமாக அங்கேயே வரி கட்டிய பிரெஞ்சுக்காரருக்கும் போலந்துக்காரருக்கும் அந்த உரிமை இல்லை. முடிவு யார் தலையில் விடியுமோ அவர்கள் கருத்து மட்டும் சொல்லலாம். 2013-ல் இந்த வாக்கெடுப்பை வாக்குறுதியாகக் கொடுத்த பிரதமர் கேமரூன், முடிவு வந்த அன்று காலையே பதவி விலகுவதாக அறிவித்துவிட்டார். அவரும் 'இருப்போம்' கட்சிதான்.

பொய்தான் தேடுகிறீர்கள் என்றால், அது ஒரு சிவப்புப் பேருந்தின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ஊர் ஊராகப் போனது. ஐரோப்பாவுக்கு வாரம் 350 மில்லியன் பவுண்ட் அனுப்புகிறோம், அதை நம் அரசு மருத்துவத் துறைக்குக் கொடுப்போம் என்று. பிரிட்டனுக்குத் தள்ளுபடியாகி, கையை விட்டே போகாத பணத்தையும் சேர்த்துப் போட்ட தொகை அது. அந்நாட்டின் புள்ளிவிவர ஆணையம் எச்சரித்தும் பேருந்து நிற்கவில்லை. வெற்றி தெரிந்த காலையில் இதைக் கேட்டபோது, அப்படிச் சொன்னது தவறு என்று தொலைக்காட்சியிலேயே ஒப்புக்கொண்டார் ஃபராஜ். சும்மா சொல்லக்கூடாது, அது அவருடைய பேருந்து இல்லை. விலகச் சொன்ன இன்னொரு கோஷ்டியுடையது.