இன்டர்ன்ஷிப்பில் எக்செல் மட்டும்தான், விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகள் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறாள். ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் 10 வார இன்டர்ன்ஷிப். ஐந்து வாரமாக எக்செல்லில் கொள்கலன் எண்களைப் பதிவது மட்டுமே வேலை. "இதுக்கா படிச்சேன்?" என்று அழுகிறாள். விட்டுவிடச் சொல்லலாமா? (ஈசூனிலிருந்து ஒரு தாய்)

வேண்டாம்மா, இப்போது விட வேண்டாம். அவளுடைய பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கவே குறைந்தது 10 வார இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். பாதியில் விட்டால் இந்த ஐந்து வாரமும் கணக்கில் வராமல் போகலாம்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. பெயர் பெற்ற நிறுவனத்தில் பயிற்சி முடித்தும், நேர்முகத்தில் "அங்கே என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அனுபவக் கற்றலை 1984ல் கல்வியியல் அறிஞர் டேவிட் கோல்ப் ஒரு சுழற்சியாக விளக்கினார்: செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு புரிதலுக்கு வருவது, அதை அடுத்த முறை சோதித்துப் பார்ப்பது. உங்கள் மகள் ஐந்து வாரமாக முதல் படியிலேயே நிற்கிறாள்.

சரி, அந்த எக்செல்லையே எடுத்துக்கொள்வோம். 2024ல் சிங்கப்பூர்த் துறைமுகம் கையாண்ட கொள்கலன்கள், 20 அடிப் பெட்டிக் கணக்கில், 4 கோடிக்கும் மேல். அவள் தட்டும் ஒவ்வொரு வரியும் அப்படி எங்கோ நிற்கும் ஒரு பெட்டி. அந்த எண் யாரிடமிருந்து வருகிறது? அவள் முடித்த பிறகு அந்தக் கோப்பை யார் திறக்கிறார்கள்? எந்தக் கட்டம் அடிக்கடி காலியாக இருக்கிறது? அனுமதித்த நாட்களுக்குள் பெட்டியை எடுக்காவிட்டால் தாமதக் கட்டணம் ஏறும். அது யார் தலையில் விழுகிறது? பக்கத்து மேசையில் இருப்பவரிடம் தேநீர் நேரத்தில் கேட்டாலே பாதி விடை கிடைக்கும். வீட்டுக்கு வரும் எம்ஆர்டி ரயிலில் தினமும் ஐந்து வரி எழுதட்டும். ஆனால் வாடிக்கையாளர் பெயர், விலை எதையும் சொந்தக் கைபேசியில் குறிக்கக் கூடாது.

ஒரு வாரம் கழித்து மேலாளரிடம் போகலாம். "வேற வேலை குடுங்க" என்றால் அவருக்கு அது இன்னொரு தலைவலி. "இந்த மாதம் தாமதமான பெட்டிகளை வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்து ஒரு பக்கத்தில் தரட்டுமா? தினமும் அரை மணி நேரம் போதும்" என்று கேட்டால் மறுப்பது கடினம். பெரியவர்கள் கேட்கும்வரை பேசக் கூடாது என்று நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். அலுவலகத்தில் அந்த அமைதி ஆர்வமில்லாததுபோலத் தெரிந்துவிடுகிறது. அவள் தயங்கினால் வீட்டிலேயே இரண்டு முறை சொல்லிப் பார்க்கட்டும்.

ஏழாவது வாரம்வரை ஒன்றும் மாறாவிட்டால் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு வழிகாட்டிப் பிரிவிடம் சொல்லலாம். யாராவது தவறாக நடந்துகொண்டாலோ, பாதுகாப்பில்லாத வேலை கொடுத்தாலோ காத்திருக்கவே வேண்டாம், அன்றைக்கே சொல்ல வேண்டும்.

அப்புறம், 10 வாரம் குறைவுதான். சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 8 முதல் 12 மாதம்வரை நிறுவனங்களில் வேலை செய்தபடியே படிக்கிறார்கள். அதனால் அடுத்த பருவத்தில் தன் பல்கலைக்கழகத்தின் (எஸ்எம்யூ) எஸ்எம்யூ-எக்ஸ் பாடம் ஒன்றை அவள் எடுக்கலாம். 2015ல் தொடங்கிய திட்டம் அது; நிறுவனங்கள் தங்கள் உண்மையான சிக்கலைக் கொண்டுவரும், மாணவர்கள் பேராசிரியரின் துணையோடு தீர்வு தேடுவார்கள். தாமதமான பெட்டிகளைப் பற்றி யோசித்த பெண் அங்கே வெறுங்கையோடு போக மாட்டாள்.

இன்று அவள் வந்ததும் "வேலை எப்படிப் போச்சு?" என்று கேட்காதீர்கள், அது அழுகையில்தான் முடியும். சாப்பாடு போட்டுக்கொண்டே, "இன்னைக்கு எந்தப் பெட்டிம்மா லேட்டு? ஏன் லேட்டாச்சு?" என்று கேளுங்கள்.