உண்ணிக்குள் இருப்பவை – கடிதம்

அன்புள்ள ஐயா,

உண்ணிகளில் புதிய பாக்டீரியாக்களைக் கண்டுபிடித்திருப்பதாகச் செய்தி வாசித்தேன். எங்கள் வீட்டில் வெள்ளாடுகள் உண்டு. அப்பா சாயங்காலம் ஆட்டின் காதிலிருக்கும் உண்ணிகளைப் பிடுங்கி நகத்தில் வைத்து நசுக்குவார். ஒருவருக்கும் நோய் வராதபோது உண்ணிக்குள் கிருமியைத் தேடிப் பெயர் வைப்பதால் என்ன பயன்? நாங்கள் பயப்பட வேண்டுமா?

க., மேலூர்

அன்புள்ள க.,

1937இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து உண்ணிகளில் ரிக்கெட்சியா இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா அகப்பட்டது. பின்னாளில் அது ரிக்கெட்சியா பார்க்கெரி என்று பெயர் பெற்றது. அது மனிதருக்கும் காய்ச்சலைத் தரும் என்பது 2004இல்தான் உறுதியாயிற்று. இடைப்பட்ட காலத்தில் அதனால் காய்ச்சல் கண்டவர்களில் சிலர், ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் என்ற வேறொரு நோயின் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஜப்பானிய உண்ணிகளில் கண்டறியப்பட்டு 1995இல் பெயரிடப்பட்ட பொரேலியா மியாமோடோய் என்ற பாக்டீரியாவுக்கும் இதே கதைதான். ரஷ்யாவில் அதனால் நோயுற்றவர்களைப் பற்றிய அறிக்கை 2011இல் வெளிவந்தது. நோயாளி வருவதற்கு முன்பே கிருமியின் அடையாளம் பதிவாகியிருந்ததால்தான், வந்தபோது இன்னதென்று சொல்ல முடிந்தது. நீங்கள் கேட்ட பயன் இதுதான். இதைச் சிறிய பயன் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் உண்ணிக்குள் இருப்பதெல்லாம் நோய்க்கிருமி அல்ல. இரத்தத்தை மட்டுமே உண்டு வாழும் உண்ணிக்கு அதிலிருந்து பி வகை வைட்டமின்கள் போதிய அளவில் கிடைப்பதில்லை. அவற்றைத் தயாரித்துக் கொடுப்பதற்கென்றே சில பாக்டீரியாக்கள் அதன் உடலுக்குள் குடியிருந்து, தாயின் முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் செல்கின்றன. இத்தகையவற்றில் பல உயிருள்ள செல்லுக்கு வெளியே வளராதவை என்பதால், ஆய்வகத் தட்டில் வளர்க்க இயலாமல், உண்ணியை அரைத்துப் பிரித்த டி.என்.ஏ.வின் வரிசையை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். அந்த டி.என்.ஏ. உண்ணி கடைசியாகக் குடித்த ஆட்டு இரத்தத்திலிருந்தும் வந்திருக்கலாம். ஆகவே 'புதிய பாக்டீரியா' என்ற செய்தியைப் 'புதிய நோய்' என்று வாசிப்பது பிழை.

நம் பக்கத்தில் இந்தத் தேடல் இன்னும் விரிவாக நடக்க வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டபடி ஊர் ஊராக நடக்கும் புலிக்குளம் மாடுகளோடு உண்ணிகளும் நடக்கின்றன. அழகர்மலை அடிவாரத்தில் மேயும் ஆடுகள் காட்டு விலங்குகளின் உண்ணிகளையும் ஏற்றுக்கொள்ளக்கூடும். நாய் உண்ணி பரப்பும் இந்திய உண்ணிக் காய்ச்சலும், உண்ணியல்லாத நுண்சிலந்தியின் இளம்பருவம் கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைபஸும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே காய்ச்சலும் தலைவலியுமாக வருபவை. நல்லவேளையாக, இரண்டுக்கும் டாக்சிசைக்ளின் என்ற ஒரே மருந்து கேட்கிறது. தாமதம்தான் ஆபத்து.

பயப்பட வேண்டியதில்லை, ஆனால் அப்பா நகத்தில் நசுக்குவதை நிறுத்தவேண்டும், ஏனெனில் உண்ணியின் உடல்நீர் விரலில் உள்ள சிறு கீறல் வழியாகவும், கண்ணைத் தேய்த்தால் அதன் வழியாகவும் உள்ளே போகலாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, மூடியுள்ள புட்டியில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போடச் சொல்லுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். அவருக்குக் காய்ச்சல் கண்டால், ஆடு வளர்ப்பதையும் உண்ணி பிடுங்குவதையும் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.